பக்தர் என்றால் பங்குடையவர்

'பக்தர்' என்பது நாம் நினைக்காமலே புழங்கும் சொல். ஒலிபெருக்கியில் "பக்தகோடிகளே" என்று கூப்பிடுகிறார்கள். "லட்சக்கணக்கான பக்தர்கள் தரிசனம்" என்று செய்தித்தாளில் தலைப்பு வருகிறது. முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றி "பெரிய முருக பக்தர்" என்று சொன்னால் போதும், நெற்றி நிறையத் திருநீற்றோடு ஓர் ஆள் மனக்கண்ணில் வந்து நிற்பார். இவ்வளவு பழகிய சொல்லுக்குப் பொருள் கேட்டால், "சாமி மேல் அன்பு உள்ளவர்" என்று சொல்லி முடித்துவிடுவோம். தவறில்லை. ஆனால் அந்த அன்பு எங்கிருந்து கிளம்பி இந்தச் சொல்லுக்குள் வந்தது என்று தேடிப் போனால், கோயிலுக்கு முன்னால் ஓர் அடுக்களை வருகிறது. அந்தத் தேடலைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

சம்ஸ்கிருதத்தில் 'பஜ்' என்று ஒரு வினையடி. பங்கிடுவது, பங்கு பெறுவது என்பது அதன் பழைய பொருள். வேதப் பாடல்களில் செல்வத்தைப் பிரித்துத் தருவதற்கும், தனக்கு உரிய பங்கை அடைவதற்கும் இந்த வினை வருகிறது. அதன் பிள்ளைகள் பலர் தமிழில் குடியேறி நம்மோடு பிறந்து வளர்ந்தவர்களைப் போல ஆகிவிட்டார்கள். பாகம், பாக்கியம், பஜனை, பகவான், பகவதி, பாகவதர் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். பாக்கியம் என்றால் ஒருவருக்குப் பங்காக வந்து சேர்ந்தது. அண்ணன் தம்பிகள் சொத்தைப் பிரித்து எழுதிக்கொள்ளும் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இருக்கும் 'பாக'மும், பக்தியில் இருக்கும் 'பக்'கும் ஒரே வேர். இதை முதன்முதலாக அகராதியில் பார்த்தபோது கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை. பிரிந்து போவதற்கான சொல்லும் சேர்ந்து கிடப்பதற்கான சொல்லும் ஒரே இடத்தில் முளைத்திருக்கின்றன.

'பஜ்' என்பதோடு 'த' என்ற விகுதி சேர்ந்தால் 'பக்த'. இலக்கணப்படி பார்த்தால் முதலில் கிடைக்கும் பொருள் 'பங்கிடப்பட்டது'. எது பங்கிடப்பட்டது? சோறு. ஆமாம், சம்ஸ்கிருதத்தில் 'பக்தம்' என்றால் சோறு, உணவு என்றும் பொருள். அவரவருக்கு அளந்து வைத்த உணவு அது. இந்தியிலும் வங்காளத்திலும் மராட்டியிலும் சோற்றை 'பாத்' என்கிறார்களே, அது இந்த 'பக்த'த்தின் தேய்ந்த வடிவம்தான். கன்னடத்துச் சமையலிலிருந்து நம் வீடுகளுக்கு வந்த பிசிபேளாபாத்திலும் வாங்கிபாத்திலும் இருப்பது அதே பாத். அர்த்தசாஸ்திரத்தில் 'பக்தவேதனம்' என்று ஒரு தொடர் வருகிறது. வேலையாளுக்குக் கொடுக்கும் சோறும் சம்பளமும் என்று பொருள். மனுஸ்மிருதி ஏழு வகை அடிமைகளைச் சொல்லும் இடத்தில் (8.415) 'பக்ததாசன்' என்று ஒருவன் வருகிறான். இன்று இந்தப் பெயரைக் கேட்டால் பக்தர்களுக்குத் தாசன், பரம விநயமானவர் என்று நினைப்போம். அங்கே அதன் பொருள் வேறு. சோற்றுக்காக அடிமைப்பட்டவன். கையில் தொழிலோ நிலமோ இல்லாமல், வயிற்றுக்காக இன்னொருவன் வாசலில் நின்றுவிட்டவன்.

இந்த இடத்தை நான் வேகமாகக் கடந்துபோக விரும்பவில்லை. 'யாரிடம் என் சோறு இருக்கிறதோ அவரோடு நான் இருக்கிறேன்' என்ற உறவு ஆதியில் எவ்வளவு உயர்ந்ததாகவும் எவ்வளவு கொடியதாகவும் இருந்திருக்க முடியும் என்பதை இந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. ஒரே பந்தியில் பங்கு பெற்றவர்கள் உறவினர் ஆகிறார்கள். பங்குக்குக் கையேந்தியவன் அடிமை ஆகிறான். பிற்காலத்து பக்தர்கள் கடவுள் முன்னால் 'நான் உன் உறவு' என்றும் 'நான் உன் அடிமை' என்றும் மாறிமாறிப் பாடினார்கள். இரண்டுக்கும் இந்தச் சொல்லில் இடம் இருந்தது.

பங்கு என்ற பொருள் எப்படிப் பற்று என்று ஆனது? சம்ஸ்கிருத இலக்கணம் எழுதிய பாணினியிடம் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்னால், அல்லது அதற்கும் கொஞ்சம் முன்னால் வாழ்ந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். அவருடைய நூலான அஷ்டாத்யாயியின் நான்காம் அத்தியாயத்தில் 'பக்தி' என்று ஒரு சூத்திரம் (4.3.95). 'இது இவனுடைய பக்தி' என்று சொல்ல வேண்டிய இடத்தில் பெயர்ச்சொல்லோடு என்ன விகுதி சேர்க்கலாம் என்பதுதான் பேச்சு. அடுத்த சூத்திரத்துக்குக் காசிகா என்ற பழைய உரை தரும் உதாரணங்களைப் பாருங்கள். அபூபம், அதாவது அப்பம், யாருக்கு பக்தியோ அவன் 'ஆபூபிகன்'. பாயசம் யாருக்கு பக்தியோ அவன் 'பாயசிகன்'. அப்பத்தின் மேல் பக்தி, பாயசத்தின் மேல் பக்தி! அப்புறம் இரண்டு சூத்திரம் தள்ளி, 4.3.98-ல், வாசுதேவனும் அர்ச்சுனனும் வருகிறார்கள். வாசுதேவன் மேல் பக்தி உள்ளவன் 'வாசுதேவகன்', அர்ச்சுனன் மேல் பக்தி உள்ளவன் 'அர்ச்சுனகன்'. ஒரு மனிதனுடைய விருப்பம் எதன் மேல் போய் உட்கார்ந்திருக்கிறதோ அதுவே அவன் பக்தி. பண்டமாகவும் இருக்கலாம், தெய்வமாகவும் இருக்கலாம். இலக்கணக்காரர் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பாணினி மரபின் வினையடிப் பட்டியலான தாதுபாடமோ 'பஜ்' என்ற வினைக்கு 'சேவை' என்று பொருள் எழுதி வைத்திருக்கிறது. பங்கு, விருப்பம், சேவை என்று மூன்று பொருளும் அந்தக் காலத்துக்குள்ளேயே இந்த வேரில் சேர்ந்துவிட்டன.

பக்தரைப் பற்றிப் பேசும்போது பகவானை விட்டுவிட முடியாது, இருவரும் ஒரே வேர். 'பகம்' என்றால் நற்பங்கு, பேறு. அதை உடையவர் பகவான். ரிக் வேதத்தில் 'பகன்' என்று தனியாகவே ஒரு தேவன் உண்டு. பங்கைப் பிரித்துத் தருவது அவன் வேலை. ஏழாம் மண்டலத்தின் 41-ஆவது பாடல் அவனைக் காலையில் கூப்பிடுகிறது. அதில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்தது. "பக ஏவ பகவான் அஸ்து தேவா: தேன வயம் பகவந்த: ஸ்யாம." பகனே பகவானாக இருக்கட்டும், அவனால் நாங்களும் பகவான்கள் ஆவோம் என்று கேட்கிறார்கள். பகவான் என்பது பேறுடையவர் என்ற நேர்ப்பொருளில் நின்ற காலம் அது. அதனால் மனிதர்கள் கூச்சமில்லாமல் அந்தப் பட்டத்தைத் தங்களுக்கும் கேட்டார்கள். பிறகு விஷ்ணுபுராணம் ஆறு பகங்களைக் கணக்கிட்டு, முழு ஐசுவரியம் முதல் வைராக்கியம் வரை ஆறும் குறைவில்லாமல் உடையவனே பகவான் என்று வரையறுத்தபோது, அந்தச் சொல் மனிதர் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

இந்த வேர் இந்தியாவோடு நிற்கவில்லை. பழைய பாரசீகத்தில் 'பக' என்றாலே கடவுள்தான். பேரரசன் தாரியஸின் கல்லறைக் கல்வெட்டு, பாரசீகரின் பெருங்கடவுளான அகுரமஸ்தாவைப் 'பெரிய பக' என்று சொல்லித்தான் தொடங்குகிறது. ரஷ்ய மொழியில் கடவுளுக்கு 'போக்', பணக்காரருக்கு 'பகாத்தி'. பங்கு தருபவரும் பங்கு மிகுந்தவரும் அங்கேயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். பாக்தாத் என்ற ஊர்ப்பெயருக்கும் 'கடவுள் தந்தது' என்று பாரசீக வழியில் பொருள் சொல்வதுண்டு.

இந்த உறவினர்களை எல்லாம் வரிசையாகச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. 'பற்று' என்ற தமிழ்ச் சொல்தான் 'பத்தி' ஆகி, அதுவே வடக்கே போய் 'பக்தி' ஆனது என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். வேறு சிலர் 'பகு' என்ற தமிழ் வேரிலிருந்து 'பக்தி'யைக் கொண்டுவருகிறார்கள். தமிழ் மேல் உள்ள ஆசையில் பிறந்த விளக்கங்கள் இவை. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒலி ஒத்துப்போவது மட்டும் உறவாகாது. 'பஜ்' வேரின் உறவினர்கள் ஈரானிலும் கிரேக்கத்திலும் இருக்கிறார்கள், வேத காலத்திலேயே இருக்கிறார்கள். 'பகு'வின் உறவினர்கள் மலையாளம், தெலுங்கு முதலிய நம் மொழிக்குடும்பத்துக்குள் இருக்கிறார்கள். தனித்தனி வேர்கள். "பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல் நூலோர் தொகுத்தவற்றுள் எல்லாம் தலை" என்று நம் குறள் சொல்லும். "தனியாக உண்பவன் தனியாகவே பாவியாகிறான்" என்று ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலம் சொல்லும். இரண்டு மரபும் தனித்தனியாக ஒரே அறத்துக்கு வந்து சேர்ந்தது என்பது, சொல்லைக் கடன் கொடுத்ததைவிடப் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

சரி, பக்தர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட மனிதர்கள் எப்போது தென்படுகிறார்கள்? 'பக்த' என்பதற்கு மிக நெருங்கிய 'பாகவத' என்ற சொல்லை வைத்துப் பார்த்தால், கல்லில் கிடைக்கும் பழைய பெயர்களில் ஒன்று ஒரு கிரேக்கருடையது. மத்தியப் பிரதேசத்தில் விதிஷா பக்கத்தில் பெஸ்நகர். அங்கே ஒரு கற்றூண் நிற்கிறது. கி.மு. 113-ஐ ஒட்டியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தட்சசீலத்திலிருந்து அந்தியால்கிதஸ் என்ற யவன அரசனின் தூதனாக, பாகபத்திரன் என்ற அரசனிடம் வந்த ஹீலியோடோரஸ், தேவதேவனான வாசுதேவனுக்காக இந்தக் கருடத்தூணை நிறுத்தியதாகப் பிராமி எழுத்தில் பொறித்து வைத்திருக்கிறான். தன் பெயருக்குப் பக்கத்திலேயே 'பாகவதன்' என்று போட்டுக்கொள்கிறான். தொல்லியல் அறிஞர் அலெக்சாண்டர் கன்னிங்காம் 1877-ல் இந்தத் தூணைப் பார்த்தார். ஆனால் அதன் மேல் அப்பியிருந்த செந்தூரத்துக்கு அடியில் எழுத்து இருப்பது 1909-ஐ ஒட்டித்தான் தெரியவந்தது. உள்ளூர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பூசி வந்த செந்தூரம் அது. வேற்று நாட்டான் ஒருவன் தன்னை பாகவதன் என்று எழுதிய கல்லை, அவன் யாரென்றே தெரியாத மக்கள் கும்பிட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள். பிறப்பால் வராத ஒரு பங்கை அவன் கேட்டிருக்கிறான். யாரோ அதை அவனுக்குக் கொடுத்தும் இருக்கிறார்கள்.

கீதைக்கு வந்தால் சொல் முழு வளர்ச்சி அடைந்துவிடுகிறது. நான்காம் அத்தியாயத் தொடக்கத்தில் கண்ணன் அர்ச்சுனனிடம், "நீ என் பக்தன், தோழனும்கூட, அதனால் இந்தப் பழைய யோகத்தை உனக்குச் சொல்கிறேன்" என்கிறான். பக்தன் என்பதற்குப் பக்கத்திலேயே தோழன். ஏழாம் அத்தியாயத்தில் தன்னை வழிபடுகிறவர்களை நான்கு வகையாகச் சொல்கிறான்: துன்பப்படுபவன், அறிய விரும்புபவன், பொருள் வேண்டுபவன், ஞானி. பண்டிதர்கள் இந்த இடத்தில் ஞானியை மட்டும் உயர்த்திப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, கஷ்டத்தில் ஓடி வருபவனையும் காசு கேட்டு வருபவனையும் கண்ணன் வெளியே அனுப்பவில்லை என்பது. நால்வருமே நல்லவர்கள் என்கிறான். "பரீட்சைக்கு மட்டும் சாமி கும்பிடுகிறான்" என்று பிள்ளைகளைக் குறை சொல்லும்போது இந்தச் சுலோகத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். அதைவிட, ஒன்பதாம் அத்தியாயத்தின் 29-ஆவது சுலோகம் இந்தச் சொல்லின் பழைய பொருளை நேராகத் தொடுகிறது. "என்னை யார் பக்தியோடு பஜிக்கிறார்களோ அவர்கள் என்னிடம் இருக்கிறார்கள், நானும் அவர்களிடம் இருக்கிறேன்." பங்கு இங்கே இருவழிப் பாதை ஆகிவிட்டது. கடவுள் பங்கு தருகிறார், தானே பங்காகவும் போய்விடுகிறார்.

இந்தச் சொல் தமிழுக்கு வந்தபோது இங்கே வீடு காலியாக இல்லை. பரிபாடலில் கடுவன் இளவெயினனார் முருகனிடம், "யாஅம் இரப்பவை பொருளும் பொன்னும் போகமும் அல்ல, நின்பால் அருளும் அன்பும் அறனும் மூன்றும்" என்று கேட்டாயிற்று. அடியார், தொண்டர், அன்பர் என்று சொற்களும் வரிசையாக இருந்தன. 'பக்த' அவற்றோடு வந்து உட்கார்ந்து, தன் முரட்டு மெய்யெழுத்துகளைத் தேய்த்துக்கொண்டு 'பத்தர்' ஆனது. நம்மாழ்வார் இன்னும் சுருக்கி, 'பத்து' என்றே ஆக்கிவிட்டார். "பத்துடை அடியவர்க்கு எளியவன், பிறர்களுக்கு அரிய வித்தகன்." உரைகாரர்கள் அந்தப் 'பத்து'க்குப் பக்தி என்று பொருள் சொல்கிறார்கள். முதல்முறை படிப்பவர் எண் என்று நினைப்பார். இவ்வளவு தூரம் கரைந்து தமிழான வடசொல் வேறு எத்தனை இருக்கும்?

சுந்தரர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத்தொகையில் அடியார் கூட்டங்களுக்குள் ஒன்றாகவே பத்தர்களைச் சொல்கிறார். "பத்தராய்ப் பணிவார்கள் எல்லார்க்கும் அடியேன்." பெயர் சொல்லத் தெரியாத, கணக்கில் வராத பத்தர்கள். பதினொரு பாட்டிலும் அவர் சிவனுக்கு அடியேன் என்று சொல்வதைவிட, அடியார்க்கும் அடியேன் என்று சொல்வதுதான் அதிகம். நம்மாழ்வார் அந்தச் சங்கிலியை மூச்சு வாங்கும் அளவுக்கு நீட்டுகிறார். "அடியார் அடியார்தம் அடியார் அடியார் தமக்கு அடியார் அடியார்தம் அடியார் அடியோங்களே." வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நான்காவது அடியாருக்கு மேல் யார் யாருக்கு அடியார் என்ற கணக்கு நழுவிவிடும். கணக்கு நழுவ வேண்டும் என்பதற்காகவே கட்டிய வரி அது என்று நம்புகிறேன். பக்தரின் பெருமையே அவர் இன்னொரு பக்தருக்கு என்னவாக இருக்கிறார் என்பதில் இருக்கிறது என்ற எண்ணத்தைத் தமிழ் அளவுக்கு வேறு எந்த மொழியும் இவ்வளவு பிடிவாதமாகப் பாடியதாக எனக்குத் தெரியவில்லை. பக்தியை ஒரு பெண்ணாக உருவகித்து, "நான் திராவிடத்தில் பிறந்தேன், கர்நாடகத்தில் வளர்ந்தேன்" என்று அவளே சொல்வதாகப் பாகவத மாகாத்மியம் எழுதியது சும்மா இல்லை.

இந்தப் பயணத்தில் என்னை முழுதாக நிறுத்திவைத்தவர் தொண்டரடிப்பொடி ஆழ்வார். விப்ரநாராயணர் என்ற பெயரை விட்டுவிட்டு, தொண்டர்களின் காலடித் தூசி என்று பெயர் வைத்துக்கொண்டவர். வடமொழியில் அவரை 'பக்தாங்கிரிரேணு' என்பார்கள். தொண்டர் என்ற இடத்தில் பக்தர். தாதுபாடம் 'பஜ்' என்றால் சேவை என்று சொன்னதற்கு இதைவிடச் சரியான பெயர்ப்பு கிடையாது. அவருடைய திருமாலையில் 41-ஆம் பாட்டு இது.

"வானுளார் அறிய லாகா வானவா! என்ப ராகில்
தேனுலாம் துளப மாலைச் சென்னியாய்! என்ப ராகில்
ஊனமா யினகள் செய்யும் ஊனகா ரகர்க ளேலும்
போனகம் செய்த சேடம் தருவரேல் புனித மன்றே."

குற்றங்கள் செய்பவர்களே ஆனாலும், அரங்கனைப் பெயர் சொல்லி அழைப்பவர்களாக இருந்தால், அவர்கள் உண்டு மிச்சம் வைத்த சோற்றைத் தருவார்களானால், அதுவே புனிதம். 'போனகம் செய்த சேடம்.' சாப்பிட்ட மிச்சம். பூப்போட்டு மூடாமல் சொல்லிவிட்டார். எச்சில் என்பதற்கு இந்தச் சமூகத்தில் எவ்வளவு பயமும் எவ்வளவு அதிகாரமும் இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு இந்த வரியின் எடை புரியும். பக்தம் என்றால் பங்கிட்ட சோறு, பக்தர் என்றால் பங்குடையவர் என்று அகராதியில் தனித்தனி எண் போட்டுப் பிரித்து வைத்திருந்த இரண்டும் ஒரே இலையில் சேர்ந்துவிடுகின்றன. ஆழ்வார் வேர்ச்சொல் ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. அவருக்குத் தேவைப்படவும் இல்லை.

அடுத்த பாட்டில் இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கிறார். "இழிகுலத் தவர்க ளேலும் எம்மடி யார்கள் ஆகில், தொழுமின்நீர் கொடுமின் கொண்மின்" என்று, அரங்கனே கட்டளை போட்டதாகப் பாடுகிறார். தொழுங்கள், கொடுங்கள், வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் 'நின்னோடும் ஒக்க', கடவுளுக்குச் சமமாக. கும்பிட்டால் மட்டும் போதாது, கொடுக்கல் வாங்கல் வேண்டும் என்கிறார். கும்பிடுவது சுலபம், ஒரே பந்தியில் உட்காருவதுதான் கடினம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

புரட்டாசி சனிக்கிழமைகளில் பெருமாள் கோயில் வரிசையின் கடைசியில் நின்று இதைப் பார்க்கிறேன். தொன்னையில் புளியோதரை விழுகிறது. கை சுடுகிறது, ஆனால் யாரும் அங்கேயே வாயில் போட்டுக்கொண்டு கிளம்புவதில்லை. பாதியைப் பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத குழந்தையின் கையில் வைக்கிறார்கள். மீதியை வராதவர்களுக்கு என்று இலையில் மடிக்கிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காத பழக்கம்.

ஆனால் இந்தப் பங்கு எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். சுந்தரரின் பட்டியலிலேயே "செம்மையே திருநாளைப் போவார்க்கும் அடியேன்" என்று நந்தனார் இருக்கிறார். அடியார் வரிசையில் அவருக்கு இடம் கொடுத்த அதே நாடு, அவர் வழிவந்தவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் நந்தனார் கதையை விரித்து எழுதினார், கோயில்கள் தோறும் அது படிக்கப்பட்டது, கேட்டவர்கள் அழுதார்கள், கதவு திறக்கவில்லை. திருவிதாங்கூரில் 1936 நவம்பரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு நுழைந்தார். அதற்குப் பிறகுதான் சென்னை மாகாணத்தில் சட்டமும் வந்தது. பக்தர் என்ற சொல் இந்த நாட்டில் புழங்கத் தொடங்கி அதற்குள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. தூண் நிறுத்திய யவனத் தூதனுக்குக் கிடைத்த பங்கு, தில்லைக்கு நாளைப் போவேன் என்று ஏங்கியவரின் மக்களுக்குக் கிடைக்க அத்தனை காலம் பிடித்தது. சில ஊர்களில் அவர்கள் இன்னும் அந்தப் பங்கைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.